கவிழ்த்துப் பார்க்கக் கூடாத கோப்பைகள்

லாங்டன்,
ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்.
வியாழக்கிழமை, வழக்கம்போல் மழை.

பெர்த் நகரத்தில் வெயிலைச் சும்மாவே அனுபவித்துக்கொண்டிருக்கும், என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா பெரிலுக்கு, தம்பி நெவில் எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும், அத்தானின் கிளிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், மீதியை நான் ஆஸ்திரேலியக் காற்றுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கும். இது சிரிக்கிற விஷயம் இல்லை. என் மகள் ஜனீன், தன் கல்யாணத்துக்கு நான் வரக்கூடாது என்று சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டாள். தாயில்லாத பெண்ணை வளர்த்தவன், அவள் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் நடத்திக்கொண்டு போவதற்காக இந்த முழங்காலுக்குத் தினமும் எண்ணெய் போட்டுத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அவள் உலகத்தில் யார் பேச்சையாவது கேட்பாள் என்றால் அது அத்தை பேச்சைத்தான். அதனால் நீ உடனே அவளுக்கு ஒரு வார்த்தை எழுத வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பது நடந்ததைச் சொன்னால் உனக்கே புரியும்.

சென்ற மாதம் மாப்பிள்ளை ஜூலியனின் அம்மா எங்களை முதல் தடவையாக விருந்துக்கு அழைத்திருந்தார். திருமதி ஹார்ட்னால், கணவர் காலமாகிவிட்டார், கில்ட்ஃபோர்டு பக்கம் வீடு. வீட்டுக்கு எண் கிடையாது, பெயர்தான், அப்படிப்பட்ட வீடு. போகும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே ஜனீன் ஆரம்பித்தாள்.

"அப்பா, உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க எதையும் கவிழ்த்துப் பாக்காத."

"எதைச் சொல்றே?"

"எதையும்தான். தட்டு, கப், சாசர், பூ ஜாடி, எதையுமே."

"அடியில என்ன முத்திரை இருக்குன்னே தெரியாம ஒரு வீட்டுல எப்படிம்மா பொண்ணு குடுக்கறது?"

"அப்பா!"

"சரி சரி, சத்தியம்."

பீங்கான் சூளைப் புகையில் வளர்ந்த நம் ஊர்க்காரனிடம் இப்படி ஒரு சத்தியம் வாங்குவது எவ்வளவு பெரிய கொடுமை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாங்டனில் பிறந்தவன் ஒரு தட்டைக் கண்டால் முதலில் கவிழ்த்து, யார் செய்தது என்று பார்ப்பான், சாப்பாடெல்லாம் அப்புறம். பெரியப்பா ஹெட்லி ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் செய்த முதல் காரியம் என்ன? தேநீர்க் கோப்பையின் அடியைப் பார்த்து, "நம்ம ஊர் சரக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கோ கூடுதலாக ஒரு காரணம் உண்டு. அம்மா பீங்கான் தொழிற்சாலையில் கோப்பை விளிம்புகளுக்குப் பொன்கோடு இழுத்த காலத்தில், ஒவ்வொன்றின் அடியிலும் இது தன் கை வேலை என்பதற்கு அடையாளமாகத் தூரிகையால் ஒரு சின்னப் பொன் கால்புள்ளி வைப்பாள் இல்லையா? உலகத்தில் எங்கேயாவது ஒரு மேசையில், ஏதாவது ஒரு சாசருக்கு அடியில் அந்தக் கால்புள்ளி கிடைக்காதா என்றுதான் நான் இத்தனை வருஷமாக ஓட்டல் ஓட்டலாகக் கவிழ்த்துக்கொண்டு திரிகிறேன். இதுவரை கிடைக்கவில்லை. பல ஓட்டல்களில் மறுபடி உள்ளே விடவும் இல்லை.

ஆக, மேசையில் உட்கார்ந்தேன். ரோஜாக் கொடி போட்ட வெள்ளைத் தட்டுகள், விளிம்பில் பொன்கோடு. கை அரித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சூப் வந்தபோது ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: திருமதி ஹார்ட்னால் சைவம். சாதாரணச் சைவம் இல்லை. பால், வெண்ணெய், தேன் எதுவும் கூடாது, செருப்பில்கூடத் தோல் இருக்கக் கூடாது. மேசைக்கு அடியில் படுத்திருந்த பெர்சி என்ற நாயும் சைவமாம். அது என் காலை முகர்ந்து பார்த்து, காலையில் நான் பன்றி இறைச்சி வைத்துத் தின்றுவிட்டு வந்த ஓட்கேக் ரொட்டியின் வாசனையைக் கண்டுபிடித்து, என்னை ஒரு தெய்வத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அந்த நேரத்தில்தான் காளான் குழம்பு வைத்திருந்த கிண்ணம் என் பக்கம் வந்தது. நீள மூக்கோடு படகு மாதிரி இருக்குமே, அந்தக் கிண்ணம். கையில் எடுத்தால் எடையே இல்லை, அவ்வளவு மெல்லிசு. உள்ளே குழம்பு இருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது, அக்கா. கைக்குத் தெரியவில்லை.

கவிழ்த்துவிட்டேன். குழம்பில் பாதி மேசை விரிப்பில், பாதி திருமதி ஹார்ட்னாலின் மடியில், மீதி பெர்சியின் தலையில். அந்த நொடியில்கூட என் கண் தன் வேலையைச் செய்துவிட்டது. அடியில் லாங்டன் முத்திரை! சந்தோஷம் தாங்காமல் "நம்ம ஊரு!" என்று கத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் கத்தியதுதான் பெரிய தப்பு என்று ஜனீன் பிற்பாடு சொன்னாள். கால்புள்ளி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்தேன், இல்லை.

திருமதி ஹார்ட்னால் நல்ல பெண்மணி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மடியைத் துடைத்துக்கொண்டே, "பரவாயில்லை மிஸ்டர் மேச்சின். உங்களுக்கு இதுல ரொம்ப விஷயம் தெரியும் போலிருக்கே. என் மாமியார் குடுத்த செட் இது. நல்ல போன் சைனாவான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது, சொல்லுங்களேன்" என்றார். பேச்சை மாற்றி என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார் என்று இப்போது புரிகிறது. அப்போது நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஒரு தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பின்னால் கையை வைத்து, "பாருங்க, என் விரல் அஞ்சும் நிழலாத் தெரியுதா? மட்டமான சரக்குன்னா சுவர் மாதிரி நிக்கும்" என்றேன். விரல் நகத்தால் கோப்பை விளிம்பைச் சுண்டி, கோயில் மணிபோல் நிற்காமல் கேட்கும் அந்த நாதத்தைக் கேட்க வைத்தேன். விரிசல் விட்டிருந்தால் டொக் என்று அடங்கிவிடும் என்றேன். நிறத்தைப் பார்க்கச் சொன்னேன்: நல்ல போன் சைனா கறந்த பால் மாதிரி கொஞ்சம் வெதுவெதுப்பான வெள்ளை, பிறத்தியார் செய்யும் பீங்கானெல்லாம் நீலம் தட்டும். அடி முத்திரையின் குறுக்கே கீறல் இருந்தால் தொழிற்சாலையே கழித்துவிட்டது என்று அர்த்தம். அவர் ஒவ்வொன்றையும் என்னைப்போலவே செய்து பார்த்தார். ஜனீன் முகத்தில்கூட உயிர் வந்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

"ஆமா, அதென்ன போன்? எலும்பு மாதிரி வெள்ளையா இருக்கறதாலயா?" என்று கேட்டார்.

"மாதிரியா? அசல் எலும்பு மேடம்! மாட்டெலும்பைச் சுட்டு, சாம்பலாக்கி, மண்ணோட சேர்த்துப் பிசைவாங்க. பாதிக்குப் பாதி! இப்ப உங்க கையில இருக்கற தட்டு இருக்கே, அதுல சரிபாதி மாடு."

அக்கா, அவர் அந்தத் தட்டைக் கீழே வைத்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வைத்தார். பிறகு எழுந்து, அலமாரியில் இருந்த மற்ற எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலைவலி என்று மாடிக்குப் போய்விட்டார். முப்பது வருஷமாக ஒரு துளி இறைச்சி தொடாதவர், தினமும் மூன்று வேளை மாட்டின் மேல் வைத்துத்தான் சாப்பிட்டிருக்கிறார். இதில் என் தப்பு என்ன? மாட்டை நானா சுட்டேன்?

திரும்பி வரும்போது, ஊர் எல்லை வந்ததும் ஜனீன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள். "வர்ற மாசம் அவங்க நம்ம வீட்டுக்கு வர்றாங்க. அன்னிக்கு நீ எதையாவது கவிழ்த்தாலோ, எலும்புங்கற வார்த்தை உன் வாயில வந்தாலோ, தேவாலயத்துக்குள்ள நான் தனியா நடந்து போயிக்கறேன். நீ வீட்டுலயே இரு. உனக்குப் பிடிச்ச தட்டையெல்லாம் கவிழ்த்து வச்சுப் பாத்துக்கிட்டிரு." சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. கத்தியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இழந்த மானத்தை எதை வைத்து மீட்பது? நம்மிடம் என்ன இருக்கிறது? அம்மாவின் தேநீர் செட் இருக்கிறது! அம்மா தன் கையாலேயே பொன்கோடு இழுத்து, அவள் கல்யாணத்துக்குத் தொழிற்சாலை அவளுக்கே பரிசாகக் கொடுத்த செட். அதைக் கல்யாணப் பரிசாக ஜனீனுக்கு எல்லோர் முன்னாலும் எடுத்துக் கொடுத்தால், இந்தக் குடும்பத்துக்கும் ஒரு பரம்பரைச் சொத்து உண்டு, குழம்பைக் கொட்டத் தெரிந்த குடும்பம் மட்டும் இல்லை என்று தெரியும் அல்லவா? "அவங்க முன்னால மறுபடி மாட்டைக் கொண்டுவந்து வைக்கப் போறியா?" என்று ஜனீன் கேட்டாள். வைப்பேன், ஆனால் 'போன்' என்ற சொல்லை விட்டுவிடுவேன், வெறும் 'சைனா' என்று சொல்வேன் என்றேன். அவள் கதவை அறைந்த வேகத்தில் அலமாரியில் இருந்த செட் முழுவதும் ஒரு தடவை பாடியது.

பரிசு கொடுத்தால் மதிப்புத் தெரிய வேண்டாமா என்று, பக்கத்து ஊர் ஏலக்கடையிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவரை வரவழைத்தேன். பட்டுக் கைக்குட்டை, கண்ணில் பூதக்கண்ணாடி, சின்னப் பையன். கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு கோப்பையை எடுத்தான், வெளிச்சத்தில் பிடித்தான், "உம்" என்றான். சுண்டினான், இன்னொரு "உம்". பிறகு, "நிறம் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கே சார். அடியில ஒட்டியிருக்கற இந்தத் துணியைப் பிரிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டான்.

எனக்கு வந்த கோபம்! அந்தத் துணி உனக்குத் தெரியும். பில்லியர்ட்ஸ் மேசைக்குப் போடும் பச்சைத் துணியை வட்ட வட்டமாக வெட்டி, அம்மா ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டியது. நீ ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிப் போன அந்த வாரம்தான் ஒட்டினாள். மேசையில் கீறல் விழக் கூடாது என்றாள். அந்தக் கோப்பைகள் அலமாரியை விட்டு மேசைக்கு வந்ததே இல்லை. மகள் போன துக்கத்தில் கை சும்மா இருக்க முடியாமல் ஏதோ செய்கிறாள் என்று சின்னப் பையனான எனக்கே புரிந்தது. "இதை மட்டும் யாரும் கவிழ்த்துப் பாக்கக் கூடாது" என்று அன்றைக்குச் சொன்னாள், கடைசிவரை சொன்னாள். ஊரிலிருக்கும் தட்டையெல்லாம் கவிழ்த்தவன் இதுவரை அதை மட்டும் தொட்டதில்லை. அதற்கு முன்னால், நான் நாற்காலி போட்டு ஏறி நின்ற வயதில், அம்மா கழுவும்போது சோப்பு நுரைக்குள் ஒரே ஒரு தடவை அந்தப் பொன் கால்புள்ளியைப் பார்த்திருக்கிறேன். அது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அதன்மேல் இவன் நகத்தை வைப்பானா? "நீலமாத் தெரியறது திரைச்சீலை நிறம் தம்பி" என்று சொல்லி வெளியே அனுப்பினேன். வாசலில் நின்றுகொண்டு, "எப்படியும் இப்ப டீ செட்டெல்லாம் யாரும் வாங்கறதில்லை சார், டிஷ்வாஷர்ல போட முடியாது" என்று வேறு சொன்னான். அம்மாவின் பொன்கோட்டை டிஷ்வாஷரில் போடுகிறவனுக்கு நான் ஏன் விற்கிறேன்?

இதில் உன் சம்மதம் வேண்டும், ஏனென்றால் நியாயமாகப் பார்த்தால் பாதி உன்னுடையது. ஆனால் உன் பெருந்தன்மை எனக்குத் தெரியும். அம்மாவை அடக்கம் செய்த அன்று, அலமாரி முன்னால் நின்று, "கோப்பையெல்லாம் நீயே வச்சுக்க நெவில், எனக்கு ஒண்ணுகூட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாய். தோள் இரண்டும் குலுங்கின. அந்தக் காட்சியை நான் இந்தத் தெருவில் சொல்லாத வீடு இல்லை. சொத்து என்றால் அக்கா தம்பி அடித்துக்கொள்ளும் காலத்தில் இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று பாதிரியார்கூடப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டார்.

ஆகையால் நீ ஜனீனுக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான்: உன் அப்பா கெட்டவன் இல்லை, லாங்டன்காரன், அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா வருகிறார். அன்று அம்மாவின் செட் என்னைக் காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் அத்தானுக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் கிடைக்கட்டும், கிளிகள் பேசட்டும், அல்லது அத்தான் விரும்பினால் பேசாமல் இருக்கட்டும். உன் பெருந்தன்மைக்குத் தலை வணங்கும்,

அன்புத் தம்பி,
நெவில் மேச்சின்.

பின்குறிப்பு: ஞாயிறு மாலை. தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் இங்கேயே கிடந்தது, நல்லதாயிற்று. மேலே எழுதியதில் கிளிகளைப் பற்றியதைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படி.

திருமதி ஹார்ட்னால் வந்தார். காரிலிருந்து ஜூலியன் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளை இறக்கினான். "மிஸ்டர் மேச்சின், எங்க வீட்டு போன் சைனா எல்லாம் இதுல இருக்கு, நீங்களே வச்சுக்கங்க. நீங்க சொன்னதுலேருந்து அந்த அலமாரியைத் திறந்தாலே ஒரு மாடு என்னையே பாக்கற மாதிரி இருக்கு" என்றார். ஜனீன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்ததால் அடுப்பங்கரைக் கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேநீர் கொடுக்கும் நேரம் வந்ததும்தான் ஆபத்துப் புரிந்தது. இந்த வீட்டில் மாடு கலக்காத பாத்திரம் ஒன்றுகூட இல்லை! கடைசியில் நான் சவரம் செய்யும் மண் குவளையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அதில் ஊற்றிக் கொடுத்தேன். எவ்வளவு கழுவினாலும் நுரை வந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "வாசனையா இருக்கு" என்றார்.

குவளையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போனவர், அம்மாவின் அலமாரி முன்னால் நின்றார். பரிசு கொடுப்பதற்காக நான் அதைத் திறந்தே வைத்திருந்தேன். ஒரு கோப்பையை எடுத்தார். ஜன்னல் பக்கம் பிடித்து, பின்னால் கையை வைத்துப் பார்த்தார். நகத்தால் சுண்டினார். நான் சொல்லிக் கொடுத்த பாடம், ஒன்றுகூட மறக்கவில்லை. "நீலம் தட்டுதே மிஸ்டர் மேச்சின்" என்றார். திரைச்சீலை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கவிழ்த்துவிட்டார்!

"கவிழ்க்காதீங்க! அம்மா சொல்லியிருக்காங்க!" என்று நான் கத்த, கையுறைகளோடு ஓட, ஜனீன் தலையில் கை வைத்துக்கொள்ள, அந்தம்மா பச்சைத் துணியின் ஓரத்தில் நகத்தை விட்டு உரித்தேவிட்டார்.

அக்கா, அடியில் பொன் கால்புள்ளி இல்லை. பவேரியா என்று இருந்தது. ஜெர்மனி! ஆறு கோப்பை, ஆறு சாசர், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், எல்லாவற்றையும் உரித்தோம், எல்லாம் ஜெர்மனி. லாங்டனில் பொன்கோடு இழுத்த பெண்மணி, வீட்டுக்குள் ஜெர்மன் பீங்கான் வைத்திருந்தாள் என்று தெரிந்தால் தெருவே எங்களைத் தள்ளி வைத்திருக்கும். நம் ஊர்ச் சந்தையில் வாங்கியிருக்க மாட்டாள். ரயிலேறி, யாருக்கும் தெரியாத ஏதோ ஊரில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வாங்கியிருப்பாள்.

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். திருமதி ஹார்ட்னால்தான் மெதுவாகக் கேட்டார்: "அப்போ இதுல எலும்பு இல்லையா?"

"இல்லைங்க. வெறும் மண்ணும் கல்லும்."

அவ்வளவுதான். அந்தம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! தேநீரை அதில் ஊற்றச் சொல்லி இரண்டு கோப்பை குடித்தார். அந்தக் கோப்பைகளில் யாரும் தேநீர் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. லாங்டன் முழுவதும் தேடினாலும் தனக்குக் கிடைக்காத கோப்பையை நம் அம்மா அவருக்காகவே எடுத்து வைத்திருந்ததுபோல் இருக்கிறது என்றார். ஜனீன் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். பிறகு வந்து என் கையுறையைக் கழற்றிவிட்டு, "கல்யாணத்துக்கு வா அப்பா. நீதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும். ஆனா விருந்துல உன் ரெண்டு கையும் மேசைக்கு மேலயே இருக்கணும், எனக்குத் தெரியணும்" என்றாள். அதனால் நீ அவளுக்கு எழுத வேண்டாம். செட் அவளுக்குத்தான், மாமியார் வந்தால் குடிக்க ஆகும்.

எல்லோரும் போன பிறகு அந்த இரண்டு பெட்டிகளையும் பிரித்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். நல்ல சரக்குத்தான். அம்மாவின் கால்புள்ளி எதிலும் இல்லை. அப்புறம் சும்மா உட்கார்ந்து யோசித்தேன். அப்படியென்றால் நுரைக்குள் நான் பார்த்த செட் எங்கே போயிற்று? எந்த வாரம் போயிற்று? அந்த வாரம் இந்த வீட்டிலிருந்து வேறு யார் போனார்கள், எவ்வளவு பெரிய பெட்டியோடு? பச்சைத் துணி மேசைக்காக ஒட்டியது இல்லை, எனக்காக ஒட்டியது. அழுது அடம் பிடிப்பேன் என்று அம்மாவுக்குத் தெரியும். பிடித்திருப்பேன்.

அடக்கத்தன்று அந்தக் கைக்குட்டைக்குள் நீ அழவில்லை, அக்கா. இப்போது தெரிகிறது. பாதிரியாரிடம் நான் என்ன சொல்வது?

கோபம் உண்டு, பெரிய கோபம். அதைக் கல்யாணத்துக்கு வரும்போது நேரில் தீர்த்துக்கொள்ளலாம். முழு செட்டையும் கேட்கவில்லை. அத்தானின் கம்பளிக் காலுறைக்குள் வைத்து ஒரே ஒரு கோப்பை கொண்டு வா. அம்மாவின் கால்புள்ளியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இல்லை, கொடுக்க மாட்டேன். என் கையில் தரும்போது காலிக் கோப்பையாகத் தா. தேநீர் ஊற்றித் தந்தால் உன் மடிக்கு நான் பொறுப்பில்லை.